வீட்டு கரண்டில் பீரோ சைஸ் கம்ப்யூட்டர்

பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிற பெண்ணுக்கு ஆம்பியரும் வோல்ட்டும் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கணினிக் கணக்கியல் என்று ஒரு தாள் உண்டு. டேலியில் வவுச்சர் போடுவதுதான் அதில் பாதி. டேலிக்கெல்லாம் முன்னால் கம்பெனிகள் எதில் கணக்கு எழுதின என்று தேடப் போனேன். 1959-இல் ஐ.பி.எம். அறிவித்த 1401 என்ற கணினி வந்து நின்றது. சம்பளப் பட்டியல், பில், சரக்கு இருப்பு என்று எல்லாவற்றையும் துளையிட்ட அட்டைகளில் போட்டு எடுத்த இயந்திரம். அதைப் பிடித்துக்கொண்டே போனதில் ஒரு விசித்திரமான கூட்டம் கண்ணில் பட்டது. இந்த மாதிரிப் பழைய பெரிய கணினிகளை வாங்கிவந்து, சொந்த வீட்டில் வைத்து ஓட்டுகிறவர்கள்.

பெரும்பாலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். நம் வீட்டு பீரோ உயரத்துக்கு ஒரு அலமாரி, பக்கத்தில் வாஷிங் மெஷின் மாதிரி டிஸ்க் டிரைவ், கார் நிறுத்தும் ஷெட்டிலோ வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையிலோ வைத்திருப்பார்கள். 2015-இல் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம் ஒன்றை ஏலத்தில் எடுத்து, கழற்றிக் கழற்றி அப்பா அம்மா வீட்டு நிலவறைக்குள் இறக்கினான். நம் வயசுதான்!

வீடியோக்களில் எல்லோரும் பார்ப்பது, விளக்குகள் மினுமினுவென்று எரிந்து இயந்திரம் கண் திறக்கிற நொடியை. எனக்கு மட்டும் கண் பின்னால் இருக்கும் சுவருக்குப் போனது. இதனுடைய பிளக் எங்கே சொருகியிருக்கிறது? கம்பெனிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்று செய்த சாமானை வீட்டு வயரிங் எப்படித் தாங்குகிறது?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது இரண்டு இடங்களில். ஒன்று, இதைச் செய்கிறவர்கள் எழுதிவைத்திருக்கும் குறிப்புகள். இன்னொன்று, லைசென்ஸ் வாங்கிய வயர்மேனான என் தாய்மாமா. முதலாவது புரியாதபோதெல்லாம் இரண்டாவதை நச்சரித்தேன்.

முதலில் ஒரு ஆச்சரியம். கணினி எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வைத்து அது எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் தேசியக் கணினி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஹார்வெல் டெகட்ரான் என்று ஒரு கணினி. 1951-இல் ஓடத் தொடங்கியது, 2012-இல் பழுது பார்த்துத் திரும்ப ஓடவிட்டார்கள். எடை இரண்டரை டன். மின்சாரம்? சுமார் 1.5 கிலோவாட். 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். நம் பாத்ரூம் கெய்சர் இரண்டாயிரம் வாட், அதைவிடக் குறைவு!

மறுபக்கம், 1977-இல் டிஜிட்டல் ஈக்விப்மென்ட் கார்ப்பரேஷன் கொண்டுவந்த வாக்ஸ் 11/780. அதற்கு த்ரீ பேஸ் லைன் வேண்டும். 1940-களின் எனியாக் என்றால் சுமார் 150 கிலோவாட். அதை வீட்டில் வைக்கிற பேச்சே இல்லை. ஆனால் அதே டிஜிட்டல் கம்பெனியின் சின்ன இயந்திரமான பி.டி.பி. 8/இ, அமெரிக்க வீட்டுச் சாதாரண பிளக்கிலேயே ஓடிவிடும்.

ஆகவே முதல் வேலை, இயந்திரத்தின் முதுகில் இருக்கும் தகட்டைப் படிப்பது. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை பேஸ். கணினிக்கு ஒரு தகடு, டிஸ்க்குக்கு ஒன்று, டேப்புக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்ட வேண்டும். பட்ஜெட் போடுவது மாதிரிதான். வரவு எவ்வளவு என்று தெரியாமல் செலவை எழுதக் கூடாது.

வரவு என்பது இங்கே சுவரில் இருக்கும் பிளக். அமெரிக்க வீட்டில் சாதாரண பிளக்குக்கு 120 வோல்ட்தான். அந்த லைன் 15 ஆம்பியர் அல்லது 20 ஆம்பியர். அதிலும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ விடாமல் ஓடுகிற லோடு என்றால் எண்பது சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அவர்கள் ஊர் விதி. 15 ஆம்பியர் லைனில் 12 ஆம்பியர். 120-ஆல் பெருக்கினால் 1440 வாட், அவ்வளவுதான். இங்கிலாந்துப் பிளக்கில் 13 ஆம்பியர், 230 வோல்ட், கிட்டத்தட்ட மூவாயிரம் வாட். நம் ஊரில் பவர் பிளக் என்று சொல்லும் 16 ஆம்பியர் பிளக்கில் 3680 வாட் வரும். அமெரிக்காக்காரன் ஒரு சின்ன அலமாரிக்கே திண்டாடுகிறான் என்றால் காரணம் இந்த 120 வோல்ட். வோல்ட் பாதியானால் அதே வாட்டுக்கு ஆம்பியர் இரட்டிப்பாகும். வயரைச் சூடாக்குவது ஆம்பியர்.

அந்த எண்பது சதவீத விதி ஏன் என்று மாமாவிடம் கேட்டேன். "அயர்ன் பாக்ஸ் போட்டா விட்டு விட்டுதான் எரியும், சூடு ஏறினதும் தானா கட் ஆகிடும். வயருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். நீ சொல்ற மிஷின் காலைல போட்டா சாயங்காலம் வரைக்கும் இழுத்துட்டே இருக்கும். அதான் பாப்பா வித்தியாசம்" என்றார். இவ்வளவு எளிதாக எந்தக் குறிப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது ஒரு பிளக் கதை. டிஜிட்டல் கம்பெனியின் அலமாரிகளில் அடியில் 861 என்ற பவர் கன்ட்ரோலர் இருக்கும். உள்ளே இருக்கும் எல்லா யூனிட்டுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அதன் அமெரிக்க மாடல் ஒன்று 120 வோல்ட்டில் 24 ஆம்பியர் வரை கொடுக்கும். வெளியே வரும் கேபிளின் முனையில், உள்ளே விட்டுத் திருகிப் பூட்டுகிற 30 ஆம்பியர் பிளக். இது வீட்டுப் பிளக் பாயிண்ட் எதிலும் நுழையாது.

நுழையாதபடி வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார்கள். "எனக்கு 30 ஆம்பியர் லைன் வேண்டும், இல்லாத இடத்தில் என்னைச் சொருகாதே" என்று அந்தப் பிளக் சொல்கிறது. ஆனால் மனிதப் புத்தி என்ன செய்யும்? பிளக்கை வெட்டிவிட்டுச் சாதாரணப் பிளக்கை மாட்டும். உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. டிஸ்க் எல்லாம் ஓடத் தொடங்கியதும் பிரேக்கர் டிரிப் ஆகும். அடுத்த புத்தி, 15 ஆம்பியர் பிரேக்கரைக் கழற்றிவிட்டு 30 ஆம்பியர் மாட்டுவது. இப்போது டிரிப் ஆகாது. கணினி நன்றாக ஓடும். சுவருக்குள் இருக்கும் வயர் மட்டும் மெல்ல மெல்ல வேகும்.

அமெரிக்க வயரிங்கில் 15 ஆம்பியருக்கு 14 கேஜ் செம்புக் கம்பி, 20-க்கு 12 கேஜ், 30-க்கு 10 கேஜ். (எண் குறையக் குறைய கம்பி தடிக்கும்.) 30 ஆம்பியர் வேண்டுமென்றால் பெட்டியிலிருந்து பிளக் பாயிண்ட் வரை 10 கேஜ் கம்பியைப் புதிதாக இழுக்க வேண்டும். அதற்குத் தனி பிரேக்கர், தனி பிளக். வேறு எந்தச் சாமானும் அந்த லைனில் சேரக் கூடாது. நல்ல ஹாபிக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். பலர் இயந்திரம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முடித்துவிடுகிறார்கள்.

மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். "நம்ம ஊர்ல ஃப்யூஸ் கேரியர்ல நாலு இழை சேர்த்து முறுக்கிக் கட்டுறானுங்களே, அதேதான். எம்.சி.பி. இருக்கிறது கம்பியைக் காப்பாத்த. மிஷினைக் காப்பாத்த இல்ல, உன்னைக் காப்பாத்தவும் இல்ல." எனக்கு இது புதுசு. நான் அதுவரை எம்.சி.பி. இருந்தால் ஷாக் அடிக்காது என்றுதான் நினைத்திருந்தேன். 16 ஆம்பியர் எம்.சி.பி. டிரிப் ஆக 16 ஆம்பியருக்கு மேல் வேண்டும். மனிதனுக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை.

சரி, த்ரீ பேஸ் இயந்திரங்களுக்கு வருவோம். இங்கே எனக்கு மிகப் பிடித்த ஒரு கணினியைச் சொல்லியாக வேண்டும். ஐ.சி.டி. 1301. செல்லப் பெயர் ஃப்ளாஸி. 1962-இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. நிர்வாகக் கணக்கும், பள்ளித் தேர்வு முடிவுகளும் அதில்தான் போட்டார்கள். வேலை முடிந்து காயலான் கடைக்குப் போக இருந்ததை மாணவர்கள் சிலர் சேர்ந்து வாங்கி, அதை வைத்து வெளியாருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழில் நடத்தினார்கள்! பி.காம். பிள்ளைகளே, கவனிக்கவும். பிறகு அது கென்ட் மாவட்டத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பல வருடங்கள் இருந்தது.

இந்த மாடலுக்குச் சராசரியாக வேண்டியது சுமார் 13 கே.வி.ஏ., த்ரீ பேஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைய 415 வோல்ட் த்ரீ பேஸில் ஒரு கம்பிக்கு 18 ஆம்பியர் வருகிறது. அதையே 230 வோல்ட் சிங்கிள் பேஸில் எடுத்தால் 56 ஆம்பியருக்கு மேல். ஒரு வீட்டுக்கு வருகிற மொத்தமே பல இடங்களில் அவ்வளவு இருக்காது.

ஆனால் எல்லா த்ரீ பேஸ் கணினியும் உண்மையில் த்ரீ பேஸ் கேட்பதில்லை. சில அலமாரிகளில் மூன்று பேஸையும் உள்ளே கொண்டுபோய் இந்த சப்ளைக்கு ஒன்று, அந்த சப்ளைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு சப்ளையும் சிங்கிள் பேஸ். அப்படி இருந்தால் கம்பெனி மேனுவலைப் பார்த்து வயரிங்கை மாற்றலாம். காற்றாடிக்கு த்ரீ பேஸ் மோட்டார் இருந்தால் முடியாது. அதற்குக் கன்வெர்ட்டர் வேண்டும்.

மாற்றுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எனக்கு இதைப் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆனது. த்ரீ பேஸில் மூன்று கம்பியிலும் பத்துப் பத்து ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை, முறை வைத்துப் போகும். அதனால் திரும்பி வருகிற நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு கிட்டத்தட்ட பூஜ்யம் ஆகிவிடலாம். அந்தத் தைரியத்தில் நியூட்ரல் கம்பியை மற்ற கம்பிகள் அளவுக்கே போட்டிருப்பார்கள். இப்போது மூன்றையும் சேர்த்து ஒரே பேஸில் கட்டிவிட்டால் கழித்தல் கிடையாது, கூட்டல்தான். நியூட்ரலில் முப்பது ஆம்பியர்! பத்துக்குப் போட்ட கம்பியில் முப்பது. பேஸ் பக்கம் எல்லாம் சரியாக இருக்கும், பிரேக்கரும் சும்மா இருக்கும், நியூட்ரல் உருகும். மேனுவல் இல்லாமல் கைவைக்காதே என்று எல்லோரும் அடித்துச் சொல்வதன் காரணம் இதுதான்.

அமெரிக்க வீடுகளில் அடுப்புக்கும் துணி உலர்த்தும் மெஷினுக்கும் 240 வோல்ட் பிளக் இருக்கும். அது இரண்டு 120 வோல்ட் கம்பிகள் எதிரெதிராகச் சேர்ந்தது. த்ரீ பேஸ் ஆகாது. ஆனால் 240-இல் ஓடக்கூடிய இயந்திரத்துக்கு அது பெரிய வரம். ஆம்பியர் பாதியாகிவிடும்.

ஹெர்ட்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 60, நமக்கும் இங்கிலாந்துக்கும் 50. கலிபோர்னியாவில் மவுன்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இரண்டு 1401-களை ஓட வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது, 50 ஹெர்ட்ஸ். அதற்காகவே 60-ஐ 50 ஆக்கித் தருகிற கன்வெர்ட்டர் தேவைப்பட்டது. ஏனென்றால் அட்டை வாங்கும் இயந்திரத்திலும் பிரிண்டரிலும் மோட்டார்கள். அந்த மாதிரி மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை 50-இல் போட்டால் கூடுதலாகச் சூடேறவும் செய்யும்.

இனிமேல்தான் நான் உண்மையில் எழுத வந்த விஷயம். எர்த்.

பழைய கணினிகளின் மின் நுழைவாயிலில் ஒரு ஃபில்டர் இருக்கும். கணினியின் இரைச்சல் லைனுக்குப் போகாமலும் லைனின் இரைச்சல் கணினிக்கு வராமலும் தடுக்க. அதற்குள் பேஸிலிருந்து எர்த்துக்கும் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கும் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள். அவற்றின் வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குக் கசியும். பழுது இல்லை, அமைப்பே அப்படி. ஒரு யூனிட்டுக்குச் சில மில்லி ஆம்பியர். நான்கைந்து யூனிட் சேர்ந்தால் கூடிக்கொண்டே போகும்.

இப்போது வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. இது என்ன செய்கிறது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பேஸில் போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா என்று பார்க்கிறது. அவ்வளவுதான். பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு, இரண்டும் டேலி ஆகிறதா? இது நாம் பதினொன்றாம் வகுப்பில் போட்ட இருப்பாய்வு! வித்தியாசம் 30 மில்லி ஆம்பியர் வந்தால், "போன பணம் திரும்பி வரவில்லை, வேறு எங்கேயோ போகிறது" என்று லைனை வெட்டிவிடும். அந்த வேறு எங்கேயோ என்பது ஒரு ஆளின் உடம்பாக இருக்கலாம். அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் பிளக்குகள் சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே வெட்டும்.

பழைய கணினியைச் சொருகினால் என்ன ஆகும்? டப்பென்று டிரிப். கணினியில் பழுதே இல்லை, கசிவு மட்டும்தான். இங்கேதான் மிக மோசமான புத்தி வேலை செய்கிறது: பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவது. வெட்டினால் கசிவு போக வழியில்லை, டிரிப் ஆவது நின்றுவிடும். "சரியாகிவிட்டது" என்று தோன்றும்.

உண்மையில் என்ன நடந்தது? அந்த இரண்டு கெப்பாசிட்டர்களுக்கும் நடுவில் அலமாரியின் இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டது. லைன் வோல்ட்டேஜில் பாதி அளவுக்கு அது மிதக்கும். 230 வோல்ட் ஊரில் சுமார் 115. தொட்டால் சுர்ரென்று ஒரு கூச்சம். இது கூட பரவாயில்லை. ஐம்பது வருடக் கேபிளின் தோல் எங்காவது உரிந்து பேஸ் கம்பி சட்டத்தைத் தொட்டால்? எர்த் இருந்தால் அந்த நொடியே பெரிய கரண்ட் பாய்ந்து பிரேக்கர் விழும். எர்த் இல்லையென்றால் ஒன்றும் விழாது. ஆளுயர இரும்பு பீரோ முழு வோல்ட்டேஜுடன் அமைதியாக நிற்கும். யாராவது தொடும் வரை.

சரியான வழி என்ன என்பதற்கும் பதில் கணக்கியலிலேயே இருக்கிறது. இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் நாம் பேரேட்டைக் கிழிப்பதில்லை. ஒவ்வொரு கணக்காகப் பார்ப்போம். அதே மாதிரி ஒவ்வொரு யூனிட்டாகக் கழற்றி, எது எவ்வளவு கசிகிறது என்று அளக்க வேண்டும். உண்மையிலேயே பழுதானதைச் சரிசெய்ய வேண்டும். மீதியை இரண்டு மூன்று லைன்களில், தனித்தனி ஆர்.சி.சி.பி.யில் பிரித்துப் போட வேண்டும். எர்த்தை மட்டும் தொடக் கூடாது.

இன்னொன்று. இருப்பாய்வு டேலி ஆனாலே கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று சார் சொல்வாரே, விடு பிழை, ஈடுசெய் பிழை எல்லாம் அதில் தெரியாது என்று. ஆர்.சி.சி.பி.யும் அப்படித்தான். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் போனதும் வந்ததும் சமம், அது பேசாமல் இருக்கும். லூஸ் ஜாயிண்ட் சூடாகிப் புகைந்தாலும் தெரியாது. அதனால் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., எர்த் மூன்றும் வேண்டும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. வாடகை வீடு. இரண்டு வருடமாக அம்மா அதைத் தொடும்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வார். "லேசா கிர்ருங்குது, அது அப்படித்தான்" என்பார். ஃபில்டர், கெப்பாசிட்டர், பாதி வோல்ட்டேஜ் என்று எனக்குள் மணி அடித்தது. மாமாவைக் கூப்பிட்டேன். அவர் பிளக் பாயிண்ட்டைக் கழற்றிக் காட்டினார். எர்த் துளைக்குப் பின்னால் பச்சைக் கம்பி இருந்தது, அழகாகத் திருகியிருந்தது. மறுமுனை மெயின் போர்டில் எதிலும் சேரவில்லை. வெட்டிச் சுருட்டி உள்ளே தள்ளியிருந்தார்கள். வீட்டுக்கே எர்த் கிடையாது.

வீட்டுக்காரர் முதலில், "இருபது வருஷமா இப்படித்தான் இருக்கு, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். அம்மா சண்டை போடவில்லை. "அண்ணே, செலவை நாங்க போடுறோம், வாடகையில கழிச்சுக்குங்க" என்றார். மாமா கொல்லையில் குழி வெட்டி, கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் பிட் கட்டினார். ஆர்.சி.சி.பி.யும் வைத்தார். இப்போது அம்மா வெறுங்காலில் துணி துவைக்கிறார். அமெரிக்காவில் யாரோ தன் பழைய கணினியைப் பற்றி எழுதிவைத்தது திண்டுக்கல்லில் ஒரு வாஷிங் மெஷினுக்கு உதவியது என்றால் நம்புவீர்களா?

சுவர் பக்கம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி ஸ்விட்சைப் போடலாமா? கூடாது. இயந்திரத்தின் பக்கம் இருக்கிறது.

பல வருடம் சும்மா கிடந்த எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் உள்படலம் பலவீனமாகியிருக்கும். திடீரென்று முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் வெடிக்கலாம். பழைய கால டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை என்றால் வேரியாக் என்ற கருவியால் வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டுவதும் உண்டு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் ஸ்விட்சிங் சப்ளைக்கு இந்த மெல்ல ஏற்றும் வைத்தியம் ஆகாது. வோல்ட்டேஜ் குறைந்தால் அது கூடுதல் ஆம்பியர் இழுக்கும், கெட்டுப்போகும். எந்த வகை என்று தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும். ஃபில்டரில் இருக்கும் பழைய பேப்பர் கெப்பாசிட்டர்கள் மேல்தோல் விரிசல் விட்டிருந்தால் சோதனையே வேண்டாம், மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் நாற்றமடிக்கும் புகையாகவே அறிமுகமாகும்.

முதல் சோதனையில் கணினியின் போர்டுகள் எல்லாம் வெளியே இருக்கும். சப்ளையை மட்டும் தனியாக ஓட்டி, போர்டுகளுக்குப் பதிலாகக் கார் பல்புகளை லோடாக மாட்டி, 5 வோல்ட் 5 வோல்ட்தானா என்று பார்ப்பார்கள். சப்ளை தப்பாக 8 வோல்ட் கொடுத்தாலும் அது போவது பல்புக்கு, போர்டு பிழைத்தது. நிறுத்திய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று கையை விடக் கூடாது. ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்து, பிறகு தொட வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடவும் கூடாது. மோட்டார் போடும்போது வீட்டு லைட் ஒரு நொடி மங்குமே, அதுதான் காரணம். எந்த மோட்டாரும் கிளம்பும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு இழுக்கும். அந்த முதல் இழுப்பில் பிரேக்கர் விழுந்தால் ஆம்பியரைக் கூட்டக் கூடாது. அதே ஆம்பியரில் கொஞ்சம் பொறுமையான சி வகை எம்.சி.பி. உண்டு, பி வகை மூன்று முதல் ஐந்து மடங்கில் உடனே விழும், சி வகை ஐந்து முதல் பத்து மடங்கு வரை தாங்கும். அதைவிட நல்லது, டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்புவது.

ஐ.பி.எம். 360 கணினியின் முகப்பில் சிவப்புக் குமிழ் ஒன்று இருக்கும். இழுத்தால் மொத்தக் கரண்ட்டும் போய்விடும். ஒருமுறை இழுத்துவிட்டால் ஆபரேட்டர் திரும்ப உள்ளே தள்ள முடியாது. பராமரிப்பு ஆள் வந்துதான் தள்ள வேண்டும். ஏன் இழுக்க வேண்டி வந்தது என்று பார்க்காமல் யாரும் திரும்பப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் இதை ஓட்டுகிறவர்களும் அறை வாசலில் ஒரு மெயின் ஸ்விட்ச் வைக்க வேண்டும். கணினியைப் பற்றி ஒன்றுமே தெரியாத வீட்டு ஆட்களுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக என் பாடத்துக்கே வருகிறேன். இந்த இயந்திரங்களில் பல, வாங்கும் விலையில் ஒன்றுமில்லை, சில சமயம் இனாம். செலவு அதற்குப் பிறகு. தனி லைன், தடித்த கம்பி, பிரேக்கர், எலெக்ட்ரீஷியன் கூலி, கெப்பாசிட்டர்கள். பிறகு மாதா மாதம்: மூன்று கிலோவாட் இயந்திரத்தை நாலு மணி நேரம் ஓட்டினால் 12 யூனிட். அவ்வளவும் அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியே வரும், அதைத் தணிக்க இன்னும் கரண்ட். சொத்தின் விலை என்பது பில்லில் இருக்கும் தொகை மட்டும் இல்லை, அதைப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவரும் எல்லாச் செலவும் சேர்ந்ததுதான் என்று முதலாண்டிலேயே படித்தோம். ஓசியில் வந்த இயந்திரத்துக்கு வயரிங் செலவு எதற்கு என்று நினைக்கிறவர்தான் பிளக்கை வெட்டுகிறார்.

நம்மில் யாரும் நாளைக்கே வாக்ஸ் வாங்கப் போவதில்லை. ஆனால் ஃப்ரிட்ஜ், கெய்சர், கிரைண்டர் எல்லோர் வீட்டிலும் உண்டு. தொட்டால் லேசாகக் கிர்ரென்றால் செருப்பைத் தேடாதீர்கள், வயர்மேனைத் தேடுங்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இந்தப் பச்சைக் கம்பியோட மறுமுனை எங்க போகுது?"